ரெண்டே முக்கால் சென்ட் வேலி

எங்கள் அன்னூர்ப் பக்கம் அதைக் கண்வலிப்பூ என்றுதான் சொல்வோம். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று அமுச்சி மிரட்டி வைத்திருந்தாள். (அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கம் அமுச்சி என்போம்.) பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் செங்காந்தள். இலங்கைத் தமிழர்களுக்குக் கார்த்திகைப்பூ. கமிஷன் மண்டிக்காரருக்குக் கண்வலிக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக்கிழங்கு. ஒரே கொடிக்கு இத்தனை பெயர் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பெயரில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பெயரில் தெரிவதில்லை. என் அண்ணன் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். "மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில மரம் பனை, மாநில மலர் செங்காந்தள்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். அவள் உட்கார்ந்து ஒப்பிக்கிற திண்ணையிலிருந்து முப்பதடி தூரத்தில், கிழக்கு வேலியில் அந்தச் செங்காந்தள் பூத்துக் கிடந்தது. அதைக் காட்டினால், "அது கண்வலிப்பூங்க அத்தை" என்றாள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிய கொடி. இலையின் நுனியே சுருண்டு, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஒரு பூவுக்கு ஆறு இதழ். ஓரமெல்லாம் நெளி நெளியாக, மேல்நோக்கி மடங்கி, விறகடுப்பில் தீ எழும்புகிற மாதிரி நிற்கும். மொட்டு அவிழும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் ஆக ஆக ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். அதனால் ஒரே கொடியில் நாலு நிறத்தில் பூ இருக்கும். வேறெந்தப் பூவிலும் அப்படியொரு ஜொலிப்பை நான் பார்த்ததில்லை. அமுச்சியின் மிரட்டலுக்குக் காரணம் இந்த ஜொலிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். அந்த வரிசையில் முதல் பூ காந்தள்தான். முருகனுக்கு உரிய பூவாகவும், பெண்களின் விரலுக்கு உவமையாகவும் சங்கப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். மலையும் காடும் சார்ந்த பூ அது. இங்கே சமவெளியில் எப்படி வந்தது?

அதற்கு இட்டேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுக்கு வெளியே இந்தச் சொல் அவ்வளவாகப் புழங்காது. இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டித்தடம்தான் இட்டேரி. வேலி என்றால் கம்பி வேலி இல்லை, உயிர்வேலி. கிளுவைப் போத்துகளை வரிசையாக நட்டு, நடுநடுவே கள்ளி, இடைவெளியில் சங்கமுள், சூரைமுள். மேலே பிரண்டை, கோவைக்கொடி, தூதுவளை, முசுமுசுக்கை எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். உள்ளே கீரி, உடும்பு, கௌதாரி, பாம்பு. ஏர் படாத மண், உதிர்ந்த இலை மட்கிய ஈரம், பாதி நிழல். காட்டோரத்தில் என்ன கிடைக்குமோ அதெல்லாம் ஆறடி அகலத்தில் நீளவாக்கில் கிடைக்கும். சிறுமுகை, மேட்டுப்பாளையம் மலையடிவாரத்துக் காட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நாடாவாக ஊருக்குள் போட்ட மாதிரி. கண்வலிக்கொடிக்கு ஏறிப் பிடிக்க ஒரு முள்செடியும், கிழங்கைக் கிளறாத மண்ணும் போதும். இரண்டும் வேலியில் உண்டு. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. ஆடி, ஆவணி மழைக்கு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, தை மாதத்துக்குள் கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும். கிழங்கு மட்டும் கீழே தூங்கும். அந்தக் கிழங்கும் பழையது இல்லை. ஒவ்வொரு வருஷமும் தாய்க்கிழங்கு சுருங்கிச் செத்து, அதன் இடத்தில் கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்த புதுக் கிழங்கு உண்டாகியிருக்கும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இட்டேரியிலேயே நடப்போம். வலது பக்கம் எத்தனை, இடது பக்கம் எத்தனை என்று கண்வலிப்பூவை எண்ணிக்கொண்டு போவது எங்கள் விளையாட்டு. உற்றுப் பார்க்கக் கூடாதே, அதனால் ஓரக்கண்ணால்தான் எண்ண வேண்டும். இன்றைக்கு அந்தத் தடத்தில் முக்கால்வாசிக்கு இரண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தாகிவிட்டது. மீதியில் சைட் போட்டிருக்கிறார்கள்.

யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கிளுவை வேலியை வருஷா வருஷம் வெட்டிக் கட்ட ஆள் கிடையாது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரித் தண்ணீரைக் காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து பம்ப் செய்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிற திட்டம். அறுபது வருஷக் கனவு. அதற்காக நடந்தவர்களில், உண்ணாவிரதம் இருந்தவர்களில் என் அப்பாவின் கூட்டாளிகளும் உண்டு. தண்ணீர் வரப்போகிறது என்றதுமே காட்டுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்த காட்டில் ஆறடி அகலத்துக்கு முள்ளை வளர்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்?

என் அண்ணனுக்கும் அந்தக் கணக்குதான். அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் என்னைக் கிழக்கு வேலிக்குக் கூட்டிப் போனார்.

"இது இருநூறடி அம்முணி. அகலம் ஆறடி. ஆயிரத்து இருநூறு சதுரடி. ரெண்டே முக்கால் சென்ட். சும்மா கெடக்குது. மாசியில ஜேசிபி விட்டு எடுத்துப்போட்டு, கல்லுக்கால் நட்டரலாமுன்னு இருக்கறன்."

கணக்கில் பிசகில்லை. இன்றைக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு சென்ட் விற்கிற விலையில், அது ஒரு கல்யாணச் செலவில் பாதி. வேலியில் அப்போது பூ இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்ணா, இந்தப் பூ?" என்றேன். "பூவுக்கு என்ன, எங்கியாச்சும் மொளைக்கும்" என்றார்.

எங்கியாச்சும் முளைக்கும் என்பது சும்மா சொன்ன பேச்சும் இல்லை. உலகமே அப்படித்தான் சொல்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது வெளியிடுகிற சிவப்புப் பட்டியலில்தான் எந்த உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நம் வரையாடு அதில் 'அழிவுக்குள்ளாகும் நிலை'யில் இருக்கிறது. செங்காந்தள் இருப்பது 'கவலை குறைந்தவை' என்ற கட்டத்தில். அதாவது, இருப்பதிலேயே நிம்மதியான கட்டம்.

அந்தப் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் அதில் தப்பும் சொல்ல முடியாது. பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் ஓர் உயிரினம் மொத்தமாக 30 சதவீதம் குறைந்தால் ஒரு கட்டம். 50 குறைந்தால் அடுத்தது. 80 குறைந்தால் அதற்கும் மேல். மொத்தம் என்றால் உலகம் முழுதும். செங்காந்தள் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பரவிக் கிடக்கிற கொடி. ஜிம்பாப்வேக்கு அதுதான் தேசிய மலர். 1947-இல் எலிசபெத் இளவரசியின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து, இந்தப் பூவின் வடிவில் வைர புரூச் செய்து கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலோ கதையே வேறு. அழகுக்காகக் கொண்டுபோய் வளர்த்தது தோட்டத்தை விட்டுத் தப்பி, கிழக்குக் கரையோர மணல்மேடுகளில் களையாகிவிட்டது. அங்கே அதைப் பிடுங்கி எறிய ஆள் போடுகிறார்கள்! இவ்வளவு பெரிய வட்டத்தில் அன்னூர் வட்டத்து வேலி எத்தனை புள்ளி? எங்கள் ஊர் இட்டேரி முழுவதும் காலியானாலும் அந்தப் பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறாது.

அதனால்தான் 'கவலை குறைந்தவை' என்பதைக் கவலையே வேண்டாம் என்று படிக்கக் கூடாது என்கிறேன். உலகத்துக்குக் கவலை குறைவு. ஊருக்கு? பூவுக்கு ஊர்க்கணக்கு என்று ஒன்று உண்டு. அதை எந்த அலுவலகமும் எழுதுவதில்லை. வரையாட்டுக்கு அரசு தனித் திட்டமே போட்டிருக்கிறது, 25 கோடி ரூபாய்க்கு மேல். பனை மரத்தை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னார்கள். பட்டா நிலத்து வேலியில் இருக்கிற மாநில மலரை ஜேசிபி வாரிக்கொண்டு போனால் அந்த டிரைவருக்கே அது தெரியாது. 2022-இல் எங்கள் பக்கம் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கிற பேச்சு வந்து ஊரே திரண்டு போராடியபோதும், பேசியதெல்லாம் கிணறு, தென்னை, விளைச்சல் பற்றித்தான். வேலியைப் பற்றி நாங்களும் பேசவில்லை.

'அதுதான் மூலனூரில் ஏக்கர் கணக்கில் போட்டிருக்கிறார்களே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, அந்தப் பக்கம் வேதாரண்யம், ஜெயங்கொண்டம் என்று பல இடத்தில் கண்வலி வெள்ளாமை உண்டு. விதைக்காகத்தான் வளர்க்கிறார்கள். விதையில் கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் இருக்கிறது. கிழங்கில் இருப்பதைவிட அதிகம். கௌட் என்கிற வாதவலிக்கு உலகம் முழுதும் கொடுக்கிற மருந்து அது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கவும் அனுமதித்தது. செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் புது ரகம் உண்டாக்குகிறவர்களுக்கும் இது வேண்டும்.

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒறம்பரை உண்டு. ஒரு ஐப்பசியில் அவர்கள் காட்டுக்குப் போயிருக்கிறேன். கம்பிப் பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செங்காந்தள். விடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து ஒவ்வொரு பூவாக மகரந்தம் ஒற்றிவிடுகிறார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் முறித்த மாதிரி விலகி நிற்கும். மகரந்தம் தானாக அதில் போய் விழுவது கடினம். காட்டில் அந்த வேலையைப் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் பார்க்கும். அங்கே மருந்தடிப்பதால் கை வேண்டியிருக்கிறது. கறுப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட புழு ஒன்று இந்த இலையை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடுமாம். அதற்குத்தான் மருந்து. ஊரையே கொல்கிற விஷத்தைத் தின்று கொழுக்கிற அந்தப் புழுவை எங்கள் வேலியிலும் பார்த்திருக்கிறேன். அங்கே அதை யாரும் எதுவும் செய்வதில்லை.

அந்தக் காட்டைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் அது பயிர். சிவப்புப் பட்டியல் போடுகிறவர்களும் பயிராக வளர்ப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தானாக வளர்வதைத்தான் எண்ணுகிறார்கள். வேறொன்றும் இருக்கிறது. விதை போட்டால் முளைக்கவே மாதக்கணக்காகும். முளைத்தது பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதனால் எல்லோரும் கிழங்குதான் நடுவார்கள். வெள்ளாமை தொடங்கிய காலத்தில் அந்தக் கிழங்கெல்லாம் காட்டிலும் வேலியிலும் தோண்டி எடுத்ததுதான். பயிர் பெருகியது, வேலி காலியானது.

இனி என் நங்கையாவின் கட்சி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் சொன்னது அண்ணன் சொன்னதைவிடக் கனமானது.

"வெசம் அம்முணி அது. ஊட்டுல கொழந்தை திரியுது. பட்டியில ஆடு கெடக்குது. நீ ஒரு நாளைக்கு வந்து பூவப் பாத்துப்போட்டுப் போயிருவ."

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்தக் கொடியில் விஷமில்லாத பாகமே கிடையாது. கிழங்கும் விதையும் மிக மோசம். சக்கரவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் இலங்கையில் உண்டு. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாதாரண அஜீரணம் என்று ஒரு நாளை ஓட்டிவிட்டால் அதன்பின் ஆஸ்பத்திரியாலும் பிடிக்க முடியாது. தனி முறிவு மருந்து இல்லை. பாம்புக்கடிக்கு இதை அரைத்துப் பூசுகிற பழக்கமெல்லாம் ஒரு காலத்தில் இருந்தது. இன்றைக்கு யாரும் அதை நினைக்கக்கூட வேண்டாம். சித்த மருத்துவர்களும் பக்குவமாகச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள்.

அமுச்சியின் மிரட்டலை நான் புரிந்துகொண்டது அப்போதுதான். 'விஷம்' என்று சொன்னால் பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பார்கள். 'பார்த்தாலே கண் வலிக்கும்' என்றால் பக்கத்திலேயே போகமாட்டார்கள். பிள்ளைகளையும் காப்பாற்றி, கொடியையும் காப்பாற்றிய ஒரு பொய். காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் ஒடிப்போம். இதை யாரும் ஒடித்ததில்லை. சாமிக்கும் வைத்ததில்லை, தலையிலும் வைத்ததில்லை. அதனால் இத்தனை காலம் தப்பித்தது. அதனாலேயே போனாலும் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு நாற்பது வருஷமாக வேலைக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். சொந்தமாக ஆடு வைத்திருப்பவர். ஆட்டுப் பேச்சை அவர்தான் தீர்த்து வைத்தார். "பழகுன ஆடு அதுல வாய் வெக்காது கண்ணு. புளியம்பட்டிச் சந்தையில இருந்து பசியோட வர்ற ஆட்டத்தான் ரெண்டு நாளைக்குக் கட்டித் தீனி போடோணும்." சொல்லிவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். கிழக்கு வேலியை எடுக்கட்டும். வடக்கு வேலி இட்டேரியைப் பார்த்திருக்கிறது, வீட்டுக்கும் பட்டிக்கும் தூரம். கிழங்கை அங்கே மாற்றிவிடலாம். அண்ணன் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்தார். "செரி, வடக்குல இப்போதைக்குக் கை வெக்கல" என்றார். 'இப்போதைக்கு' என்பதை நான் கவனித்தேன்.

மாசியில் கொடி இருக்காது, எங்கே தோண்டுவது? கார்த்திகையிலேயே நானும் அக்காவும் போய், பூத்த கொடி ஒவ்வொன்றின் அடியிலும் பழைய சேலைக் கிழிசலைக் கிளுவையில் கட்டிவிட்டு வந்தோம். இருநூறடியில் பதினொன்று. நான் சின்ன வயதில் ஓரக்கண்ணால் எண்ணியதை நினைத்தால் பதினொன்று ஒன்றுமில்லை.

கிழங்கு தோண்டுகிற கதை அன்னூருக்குப் புதிதில்லை. மன்னீஸ்வரர் கோயில் தலக்கதையே அதுதான். வேடன் ஒருவன் கிழங்கு தோண்டும்போது மண்ணிலிருந்து ரத்தம் வர, பார்த்தால் லிங்கம். அக்கா தோண்டியதும் அந்தப் பயத்தோடுதான் இருந்தது. கடப்பாரை வேண்டாம் என்று களைக்கொத்தாலும் கையாலும் கிளறினார். கவைத்த கிழங்கில் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை இருக்கும். அந்த நுனி உடைந்தால் அந்தத் துண்டு முளைக்காது. ஒரு பகல் முழுக்க ஆனது. ஒன்பது கிழங்கு முழுசாக வந்தது. இரண்டு, கள்ளி வேருக்குள் சிக்கி நொறுங்கிவிட்டன. வேலை முடிந்ததும் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார் நங்கையா. பிறகு அவரே டார்ச் எடுத்துக்கொண்டு வந்து, வடக்கு வேலியில் எந்த இடத்தில் நடுகிறோம் என்று நின்று பார்த்தார். பேத்திக்கு இடம் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்றார். பேத்தியிடம் அமுச்சியின் பொய்யைச் சொல்லவில்லை. விஷம் என்றே சொல்லி, பாடத்தில் வருகிற பூ இதுதான் என்றும் சொன்னோம். அவள் ஒரு அட்டையில் 'மாநில மலர், தொடாதே' என்று எழுதிக் கிளுவையில் கட்டினாள். முதல் மழையில் மை கரைந்துவிட்டது.

மறுநாள் ஜேசிபி வந்தது. இருநூறடி வேலிக்கு ஒன்றரை மணி நேரம்.

இதைப் படித்துவிட்டு யாராவது காட்டுக்குப் போய்க் கிழங்கு தோண்டிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். காப்புக்காட்டில் கிழங்கெடுப்பது குற்றம். வளர்க்க ஆசை என்றால் வெள்ளாமை செய்கிறவர்களிடம் வாங்கலாம். குழந்தையும் ஆடுமாடும் உள்ள வீட்டு முற்றத்தில் வேண்டவே வேண்டாம். உங்கள் வேலியில் ஏற்கெனவே இருக்கிறது என்றால், வேலியை எடுக்கிற வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில் ஒரு கிழிசலைக் கட்டி வையுங்கள்.

இந்த ஆடியில் மழை சுமார்தான். நட்ட ஒன்பதில் ஆறு முளைத்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னார். மீதி மூன்று செத்ததா, தூங்குகிறதா என்று அடுத்த ஆடிக்குத்தான் தெரியும். சில கிழங்கு ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டும் வருமாம். போன வாரம் அண்ணனிடம் பேசும்போது வடக்கு வேலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது இருக்குது அம்முணி. இட்டேரியத் தார் ரோடாக்கறாங்கன்னு ஒரு பேச்சு வருது. அளக்கறதுக்கு ஆள் வர்றப்பச் சொல்றன், நீயும் வா."